சித்திரையில் எடுத்த தீபாவளி

1

இங்கே ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் டான்யூப் ஆற்றிலிருந்து மூடுபனி கிளம்பி வந்து தெருவையே விழுங்கிவிடும். எதிர்வீட்டு ஜன்னல் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். என் மகள் கயல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். அதுவே அதிசயம். இந்தப் பதினைந்து வயதில் அவள் சமையலறைக்கு வருவதெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மூடுவதற்குத்தான்.

"அம்மா, இதுல தாத்தா என்ன சொல்றாரு?"

திரையில் என் அப்பா. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசல். கையில் எரிகிற கம்பி மத்தாப்பு. பக்கத்தில் நிற்கும் என் தம்பி இளங்கோவின் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து அப்பா ஏதோ சொல்கிறார். உதடு அசைவது நன்றாகத் தெரிகிறது. காதில் விழுவது வெடிச்சத்தமும் பின்னணி இசையும் மட்டும்.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

அவளுடைய தோழிகள் நாலைந்து பேர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஒரு வீட்டில் கூடிப் படம் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஒரு விதி வைத்திருக்கிறார்களாம். பண்டிகைப் படம் கூடாது. ஆனால் கொண்டுவரும் காட்சியில் பண்டிகை இருக்க வேண்டும். ஒருத்தி, விவாகரத்து பற்றிய ஒரு படத்தில் ஈஸ்டர் முட்டை தேடுகிற இடத்தை எடுத்திருக்கிறாள். இன்னொருத்தி, தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன் கிறிஸ்துமஸ் அன்று தனியாக உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிற காட்சியை. கயல் எடுத்திருப்பது இது. நான் சொல்லவில்லை. அவளே தேடி எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருமுறை காட்டி, "இவர்தான் உன் தாத்தா" என்றேன். அப்போது அவள் கண்ணெல்லாம் வில்லன் கையில் இருந்த கத்திமேல் இருந்தது. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஜெர்மன்ல கீழ எழுதணும் அம்மா. வாய் அசையுது. ஆனா எழுத ஒண்ணும் இல்ல."

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. கடுகு கருகிவிட்டது.

2

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுக்குத்துப் படம். துரத்துகிறார்கள், ஓடுகிறான், மறுபடி துரத்துகிறார்கள். ஓடி வருகிறவன் ஒரு பழைய துறைமுக ஊரின் தெருவுக்குள் நுழைகிறான். அங்கே தீபாவளி. ஒரு குடும்பம் வாசலில் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருக்கிறது. அவன் அவர்களுக்குப் பின்னால், இருட்டான நடைக்குள் பதுங்குகிறான். கொலைகாரர்கள் வந்து விசாரிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் இல்லை என்று தலையாட்டுகிறார். அவர்கள் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். படத்தில் பண்டிகை என்று வருவது இந்த ஓர் இடம்.

அந்தக் குடும்பத்தில் பெரியவர் என் அப்பா. மகன் இளங்கோ. மருமகள் ஸ்டெல்லா. பின்னால் பலகாரத் தட்டோடு நிற்பது அம்மா. படத்தில் அவர்கள் ஒரு குடும்பமாக நடிக்கிறார்கள். ஆனால் அதை எடுத்த அன்று, அப்பாவும் இளங்கோவும் ஒரு வருஷத்துக்கு மேலாக முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாதவர்கள்.

இளங்கோ விசேஷங்களுக்கு சீரியல் லைட் கட்டும் தொழில் செய்பவன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு விளக்குப் போடப் போன இடத்தில் அங்கே டீச்சராக இருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தான். பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்ல? அப்பறம் எதுக்கு இந்த வாசப்படி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அத்தோடு சரி. இளங்கோ சிதம்பரத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்டான்.

மதம்தான் காரணம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். மதம் மட்டுமில்லை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கை அப்பா விரும்பித்தான் சாப்பிடுவார். ஸ்டெல்லாவின் அப்பா எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதுதான் உறுத்தியது. அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. உல்மில் இருந்த எனக்கும்தான்.

3

படப்பிடிப்புக் கதையை இளங்கோ எத்தனையோ முறை சொல்லிவிட்டான். நான் அங்கே இல்லை. அவன் சொன்னதிலிருந்தும் அம்மா சொன்னதிலிருந்தும்தான் எனக்குத் தெரியும்.

சித்திரை மாதம். தார் இளகுகிற வெயில். சினிமாக் கம்பெனிக்காரர்கள் ஒரு தெரு முழுக்க சீரியல் லைட் வேண்டும் என்று இளங்கோவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தெரு என்று சொல்லவில்லை. கடலூரில் வந்து இறங்கியதும் பார்க்கிறான், அவன் பிறந்த தெரு. ஆள் பற்றாததால் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கோடை விடுமுறை, அவளும் வீட்டில் சும்மா இருந்தாள்.

"நான் வேன்லயே இருக்கேன், நீங்க முடிச்சிட்டு வாங்க" என்றாளாம் ஸ்டெல்லா.

"வேன்ல இருந்தா வெந்துடுவ. எறங்கு, பாத்துக்கலாம்" என்றிருக்கிறான் இவன்.

எல்லா வீட்டுக்கும் கட்டிவிட்டு எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்திருக்கிறான். வேறு வழியில்லாமல் ஏணியைச் சுவரில் சாத்தினான். சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார்.

"யாருது ஏணி?"

இளங்கோ மேலே ஏறிவிட்டிருந்தான். அப்பா அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியின் காலைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தாராம், நிற்குமா நிற்காதா என்று. நிற்கும் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். இந்த இடம் அம்மா சொன்னது. இளங்கோவுக்கு அது தெரியாது. மேலே ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் தொப்பி போட்ட உதவி இயக்குநர் பையன் ஒருவன் கதவைத் தட்டியிருக்கிறான்.

"சார், வீட்டு ஓனரு நீங்கதான? கொஞ்சம் வாசல்ல வந்து நில்லுங்க சார். வெளியாள நிக்க வெச்சா நடிக்கிற மாதிரியே இருக்குது, டைரக்டரு திட்றாரு."

"எனக்கு நடிக்கல்லாம் வராதுப்பா."

"அதான் சார் வேணும்!"

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடை போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. அரவை நடக்கும் மாதங்களில் பண்டிகை கிண்டிகை என்று ஒன்றும் கிடையாது. பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை பொங்கும்போது அவர் ஆலை வாசலில் டிராக்டர்களுக்கு நடுவில் நிற்பார். அப்படிப்பட்டவரை அம்மாதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டாளாம், "போய்ட்டுதான் வாங்களேன், இன்னா கொறஞ்சிடப் போவுது" என்று.

அந்தப் பையன் அடுத்துச் சுற்றுமுற்றும் பார்த்து ஏணிமேல் இருந்தவனைக் கூப்பிட்டான். "அண்ணா, எறங்கி வாங்க. நீங்க சாருக்குப் புள்ள. மூக்கப் பாருங்களேன், அப்டியே சாருது மாதிரியே இருக்குது!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பல்புப் பெட்டியோடு ஓரமாக நின்ற ஸ்டெல்லாவைக் காட்டி, "அக்கா, நீங்க மருமக. அந்த வேன்ல போயி ஜிகினாப் பொடவ ஒண்ணு தருவாங்க, கட்டிக்கிட்டு வாங்க" என்றான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று பேரையும் வரிசையாகவும் அம்மாவைப் பலகாரத் தட்டோடு பின்னாலும் நிறுத்தி, மூவர் கையில் மத்தாப்பைக் கொடுத்து, "சும்மா நிக்காதீங்க சார், எதுனா பேசுங்க. என்னா வேணா பேசுங்க. சத்தம் படத்துல வராது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"டைரக்டரு ஆக்‌ஷன்னாரு, எடுத்தாங்க, பிரியாணி குடுத்தாங்க, வந்துட்டோம்." இளங்கோ எப்போதும் இப்படித்தான் முடிப்பான்.

4

அந்தச் சமயத்தில் கயல் என் வயிற்றில். தொலைபேசி அட்டை வாங்கித் தேய்த்துப் பேசுகிற காலம். பேசுகிற நேரமெல்லாம் விசா, குளிர், வாந்தி என்று என் கதையிலேயே போய்விடும். ஒருநாள் அம்மா, "இளங்கோவும் அந்தப் பொண்ணும் இப்ப வந்து போறாங்க" என்றாள். எப்படி என்று கேட்டேன். "எல்லாம் நல்லபடியா ஆயிட்டுது, நீ ஒடம்பப் பாத்துக்க" என்றாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வீட்டில் முடிவைத்தான் சொல்வார்கள். நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். கேட்கிற நேரம் நமக்கும் இருப்பதில்லை.

அதனால் அப்பாவும் தம்பியும் சேர்ந்து நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது, இணையத்தில் வந்த அந்தப் படத்தில்தான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். படத்தின் கதை என்ன என்பது இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

கயலுக்கு ஒரு வயது நிறைந்திருந்த சமயம் அப்பா போய்விட்டார். என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் ஊர் வழக்கப்படி எனக்கென்று குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நாட்டில் அதுவே என் பெயராகிவிட்டது. பல் டாக்டர், தபால்காரர், கயலின் டீச்சர், எல்லோருக்கும் நான் திருமதி ராமலிங்கம். அங்கிருந்த பெண் அதிகாரி கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இறந்தவர் பெயர்?"

"ராமலிங்கம்."

"அது உங்கள் பெயர். நான் கேட்பது இறந்தவர் பெயர்."

"ராமலிங்கம்" என்றேன் மறுபடியும். அதற்குமேல் ஜெர்மன் வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. அவள் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னால் கருமகாரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். எங்கள் தீபாவளியும் அந்த மாதிரிதான். அது யாரோ ஒருவருடைய வேலைநாளுக்கு நடுவில் வரும். விடிவதற்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் போய் உட்கார்ந்து பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டுவேன். இந்த நாட்டில் பட்டாசு டிசம்பர் கடைசியில்தான் விற்பார்கள். பக்கத்து மேஜைக்காரிக்கு அன்று என்ன நாள் என்று தெரியாது. ஊரில் பண்டிகைக்கென்றே எடுத்த படங்கள் வரும். அவற்றில் எல்லோரும் புதுத்துணி போட்டு ஆடுவார்கள், ஒரு காட்சிகூட நினைவில் நிற்காது. வேறு ஏதோ கதையில், வேறு ஏதோ கவலைக்கு நடுவில், கேட்காமல் வந்து நிற்கிற பண்டிகைதான் நிற்கிறது. அங்கே சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. அப்படியும் ஒருவர் மத்தாப்பைக் கொளுத்துகிறார்.

5

கயல் விடவில்லை. நானே இளங்கோவைக் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"மாமா, தாத்தா என்ன சொல்றாரு அந்தப் படத்துல?"

"அதுலாம் எதுக்கும்மா இப்ப?" என்றான்.

"எனக்கு வேணும் மாமா. ஃபிரண்ட்ஸ் கேப்பாங்க."

"அக்கா, ஒனக்கு நான் சொன்னதில்லல்ல?"

"நீ பிரியாணியோட முடிச்சிடுவ" என்றேன்.

சிரித்தான். அப்புறம் சொன்னான். "'மருமவள கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லுடா. அந்தப் பொடவ நைலானு மாரி இருக்குது. பொறி பட்டா ஒடம்போட ஒட்டிக்கும்'னாரு. அவ்ளோதான்."

கயல் எழுதிக்கொண்டாள். நான்தான் கேட்டேன், "மருமவள்னா சொன்னாரு?"

"ஆமாங்கா. ஆனா அந்தத் தொப்பிக்காரன் மருமக, மருமகள்னு பத்து தடவ சொல்லி வெச்சிருந்தான். அதப் புடிச்சிக்கிட்டு சொன்னாரா, நெசமா சொன்னாரான்னு எனக்குத் தெரில. நானும் கேக்கல. மறுபடி எடுத்தப்ப வாயே தெறக்கல அவரு. முடிஞ்சதும் திரும்பிப் பாக்காம உள்ள போய்ட்டாரு."

"அப்பறம் சேத்துக்கிட்டாருல்ல?"

"அது ஸ்டெல்லா பண்ண வேல. கொஞ்ச நாள் கழிச்சி அவளே தைரியமா பஸ் ஏறிப் போயி வாசல்ல நின்னுட்டா. வாசல்ல வந்து நிக்கிற பொம்பளய வெளிய போன்னா சொல்ல முடியும்? தெருவு பாக்குதுன்னு சேத்துக்கிட்டாரு. அப்பறம் பழகிப்போச்சி. சண்டயே இல்லக்கா அதுக்கப்பறம். நல்லாத்தான் இருந்தோம். ஆனா அவரா கூப்புடல பாரு. அது இருக்குது உள்ள."

கயல் அந்த வாக்கியத்தை ஜெர்மனில் எழுத உட்கார்ந்தாள். மருமகள் என்பதற்கு ஜெர்மனில் ஒரு முழ நீளச் சொல். "ஷ்வீகர்" என்று தொடங்கும், மாமியாருக்கான சொல்லும் அப்படித்தான். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. என் மாமியார் வருகைக்காக விசா அலுவலகத்தில் நின்றபோது "மாமியார் வருகிறார்" என்பதற்குப் பதிலாக "கஷ்டமான அம்மா வருகிறார்" என்று சொல்லிவிட்டேன். இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். "எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார் அங்கிருந்த அதிகாரி.

"இடம் பத்தல அம்மா. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள இதப் படிக்க முடியாது."

"அந்த ஒரு வார்த்தய மட்டும் எடுத்துடாத. மத்தது போனாப் போவட்டும்" என்றேன்.

6

டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை கயல் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். வழக்கம்போல் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் சோபாவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்ததா?"

"எல்லாரும் ஒரே கேள்வி கேட்டாங்க. அவர் நடிக்கிறாரா, நெஜமா சொல்றாரான்னு. எனக்குப் பதில் தெரியல." கொஞ்ச நேரம் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அத்தைட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஸ்டெல்லாவிடம் பேசியதெல்லாம், "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்பாள் அவள், "நல்லா இருக்கேன். அம்மா மாத்திரை போட்டாங்களா?" இவ்வளவுதான். பிறகு போன் இளங்கோவிடம் போய்விடும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டோம். அப்பா போன பிறகு இளங்கோவும் ஸ்டெல்லாவும் கடலூர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கூடத்தில் அம்மா நாற்காலியில் இருந்தாள். பின்னால் இளங்கோ தரையில் உட்கார்ந்து ஒரு பழந்துணியால் சீரியல் பல்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கயலே கேட்டாள், தான் பொறுக்கிச் சேர்த்த தமிழில்.

"அத்தை, தாத்தா உங்கள மருமகள்னு சொன்னது ஆக்டிங்கா?"

ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். பிறகு திரும்பி இளங்கோவைப் பார்த்தாள். "இவரு சொன்னாரா ஒங்ககிட்ட? நடிப்புன்னா மாமா எதுக்கு அண்ணி சிதம்பரத்துக்கு வந்தாரு?"

பின்னால் இளங்கோவின் கை நின்றது.

"ஷூட்டிங் முடிஞ்ச வாரமே வந்தாரு அண்ணி. இவரு பந்தல் வேலைக்குப் போயிருந்தாரு. வெயில்ல வேர்த்து விறுவிறுத்து நிக்கறாரு. உள்ள வாங்க மாமான்னேன். வந்து ஒக்காந்தாரு. ஒரு பையக் குடுத்தாரு, உள்ள ஊதாக் கர போட்ட பொடவ. அன்னிக்கி கட்டியிருந்த மாரி பொடவையெல்லாம் கட்டாதம்மா, பண்டிகைக்கு நூல் பொடவ கட்டுன்னாரு. எந்தப் பண்டிகைக்கு மாமா, தீபாவளிக்கா, கிறிஸ்மஸுக்கான்னு கேட்டேன். எது மொதல்ல வருதோ அதுக்குன்னாரு."

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தீபாவளி வரைக்கும் காத்திருக்கல அண்ணி. மறுநாளே அதக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். கதவத் தெறந்தாரு. பொடவயப் பாத்தாரு. 'இன்னிக்கி இன்னா பண்டிகம்மா?'ன்னாரு. தெரில மாமா, ஒங்களக் கேக்கலாம்னு வந்தேன்னேன்."

அம்மா நாற்காலியிலிருந்து, "ஆமா, நான் உள்ளாற இருந்து பாத்துட்டு எண்ணச்சட்டிய அடுப்புல வெச்சேன். வீட்டுல பஜ்ஜி போட வாழக்கா ஒண்ணுதான் இருந்துது" என்றாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல நீ" என்றான் இளங்கோ. "இத்தினி வருஷமா, நீயா போனன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு. 'அவங்கிட்ட சொல்லாத, மெதப்பாயிடுவான். நானா வந்தேன்னு தெரிஞ்சா அடுத்த தபாவும் என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டான்'னாரு. அத்தைக்கும் அதேதான் சொல்லி வெச்சிருந்தாரு."

"அப்பறம் இப்ப மட்டும் எதுக்கு சொல்ற?"

"பச்சப்புள்ள ஜெர்மனிலேர்ந்து கேக்குது. மாமாவும் போய்ட்டாரு. இனிமே மெதந்தா மெதங்களேன்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இளங்கோ சிரிக்கவில்லை. "அந்தப் பொடவ எங்க?" என்று கேட்டான்.

"அது கட்டிக் கட்டிக் கிழிஞ்சி எத்தினியோ நாளாச்சி. ஒங்க கையில என்னா வெச்சிருக்கீங்கன்னு பாருங்க."

அவன் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். வெளுத்துச் சாம்பல் நிறமாகிப்போன நூல்துணி. ஓரத்தில் மட்டும் ஊதாக் கரை கொஞ்சம் மிச்சமிருந்தது.

"என்னாடா அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?" என்றாள் அம்மா. "இருட்டறதுக்குள்ள மாதா கோயில்ல கட்டிக் குடுக்கணும்னு சொன்னல்ல? தொட."

இளங்கோ துணியை உதறினான். கரை இருந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக்கொண்டு அடுத்த பல்பை எடுத்தான்.